நம்பையில் எண் கொடுத்து எடுப்பது: ஆறு வருடப் பழக்கம்

நம்பை என்பது பைத்தானில் எண் கணக்குகளுக்கான லைப்ரரி. அதன் அரேயில் (மதிப்புகளின் வரிசையில்) முதலாவது, நாலாவது, எட்டாவது என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக மதிப்புகளைப் பொறுக்கும் வேலை எனக்குத் தினமும் உண்டு. பைத்தானின் சாதா லிஸ்டில் விலை[[0, 3, 7]] என்று எழுதினால் (இட எண் 0-இல் தொடங்கும்) டைப் எரர்தான். லூப் போட வேண்டும். நம்பை அரேயில் அதே வரி அப்படியே ஓடும். (பைத்தான் 3-இல் தமிழிலேயே வேரியபிள் பெயர் வைக்கலாம். வீட்டுக் கோடில் வைக்கிறேன். ஆபீஸில் வைத்தால் திட்டு விழும்.)

எண்களை எந்த வரிசையிலும் கொடுக்கலாம், ஒரே எண்ணைத் திரும்பவும் கொடுக்கலாம். எனக்கு அதிகம் உதவியது, மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்க எந்த இட எண்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லும் ஆர்க்சார்ட்டோடு சேர்ந்த பயன்பாடு. மார்க் அரேயை அதனிடம் கொடுத்தால் எண்கள் வரும். அவற்றைப் பெயர் அரேக்குக் கொடுத்தால் பெயர்களும் மார்க் வரிசைப்படி வந்து நிற்கும்.

நான் சறுக்கியது இந்தத் திரும்ப வரும் எண்ணில்தான். ஒரு கடையின் பில்களில் எந்தப் பொருள் எத்தனை முறை போனது என்று எண்ணினேன். பொருள் = [2, 2, 5]. எல்லாம் 0-வாக இருந்த அரேயில் எண்ணிக்கை[பொருள்] += 1 என்று எழுதினேன். 2-ஆம் பொருளுக்கு 2 வரும் என்று பார்த்தால் 1! முதலில் பழைய மதிப்புகளை மொத்தமாக எடுத்து, ஒன்று கூட்டி, பிறகுதான் திருப்பி வைக்கிறது. இரண்டு முறையும் வைப்பது அதே 1. எரர் எதுவும் வராது. மொத்தக் கூட்டல் பில் வரிகளோடு ஒத்துப்போகாததால்தான் பிடித்தேன், அதுவும் இரண்டு நாள் கழித்து. இப்போது இதற்கெல்லாம், ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும் பின்கவுண்ட்தான். இருக்கும் அரேயிலேயே கூட்ட வேண்டுமென்றால், திரும்ப வரும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் கூட்டும் ஆட்.அட்.

இரு பரிமாண அரேயில் வரிசைகள் 0, 1, நெடுவரிசைகள் 2, 3 என்று [[0, 1], [2, 3]] கொடுத்தால் நாலு கட்டம் வரும் என்று நினைப்போம். இரண்டு மதிப்புதான் வரும்: (0, 2), (1, 3). நாலும் வேண்டுமானால் நம்பையின் ஐஎக்ஸ்_ ஃபங்ஷனைப் போட வேண்டும். அப்புறம், ஸ்லைஸ் (2:5 என்று தொடர்ச்சியாக வெட்டி எடுப்பது) போல் இல்லாமல் இப்படி எடுப்பது நகல். எடுத்ததை மாற்றினால் மூல அரே மாறாது. எனக்கு இது நிம்மதி. பெரிய அரே என்றால் மெமரி வீங்கும்.

எல்லை தாண்டிய எண்ணுக்கு எரர் வந்துவிடும், சரி. -1 தான் இன்னும் பயம். பாண்டாஸ் என்ற அட்டவணை லைப்ரரியில் இட எண்ணைத் தேடித் தரும் கெட்_இண்டெக்ஸர், தேடியது கிடைக்காவிட்டால் -1 தரும். அதை அப்படியே நம்பையிடம் நீட்டினால், -1 என்றால் அதற்குக் கடைசி இடம் என்பதால், கடைசி மதிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துத் தந்துவிடும். அதனால் அந்த வரிக்கு முன்னால், -1 இருந்தால் நின்றுவிடும்படி ஒரு அசர்ட் (சரிபார்ப்பு வரி) போட்டுவைக்கிறேன்.