அலாரமா, டப்பாவா, பேரேடா? வளவா, ஊரணிக் கரையா?

ஆத்தா சின்னக் கல்லுரலில் என் சர்க்கரை மாத்திரையை நுணுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்று இரண்டெழுத்து. மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை அது. நுணுக்கினால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே வாயில் இறங்கிவிடும். மதுரையில் எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் பைபாஸ் அறுவை முடிந்து, காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அது. மருத்துவருக்குப் போன் போட்டதும் சாதா மாத்திரைக்கு மாற்றி, அளவையும் குறைத்தார்.

புது இரைப்பை கொள்வது 30 மில்லிதான். முதல் சில வாரம் பெரிய மாத்திரையை முழுசாக விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் மாதிரி நிற்கும். சிரப் சுலபமாக இறங்கும், ஆனால் பலவற்றில் சர்க்கரை அதிகம். அதனால் பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். பொடிக்கக் கூடாத மாத்திரைகள் எவை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அதனால் கிடைக்கிறவரை மென்று சாப்பிடும் மாத்திரைக்கே என் ஓட்டு. கிடைக்காததைப் பொடிக்கலாமா என்று மருத்துவரைக் கேட்காமல் உரல் பக்கம் போவதில்லை.

வலிக்கு ஒப்பீடே வேண்டாம், பாராசிட்டமால்தான். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் இரைப்பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த பைபாஸ் இணைப்பில் புண் வரவழைக்கும். பார்க்க வருகிறவர்கள் முழங்கால் வலிக்கென்று அன்பாக எடுத்து நீட்டும் மாத்திரை பெரும்பாலும் அந்த வகைதான்.

கால்சியத்தில்தான் நான் அதிகம் குழம்பினேன். கடையில் பொதுவாகக் கேட்டால் தருவது கார்பனேட். விலை குறைவு, சரக்கும் அதிகம்: 1000 மில்லிகிராம் கார்பனேட்டில் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கும், அதே எடை சிட்ரேட்டில் 210தான். கணக்குப் பார்த்தால் கார்பனேட்தானே லாபம்? ஆனால் அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலம்தான் இப்போது குறைவு. போதாததற்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து ஓடுகிறது. சிட்ரேட்டுக்கு அமிலத்தின் தயவு வேண்டாம். எண்ணிக்கை கூடினாலும் சிட்ரேட்டுக்கே மாறினேன். ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு வேளைக்கு 500, 600-க்கு மேல் உடம்பு ஏற்காது என்பதால் மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் ஆகாது, நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயும் இரும்பைக் கெடுக்கும். காலைக் காபியை விட மனசில்லாத எனக்கு இரும்புக்கு வாய்த்த நேரம் ராத்திரி ஒன்பதரை.

இத்தனையையும் நினைவில் வைக்க முதலில் போன் அலாரம் வைத்தேன். கூப்பிடும், அணைப்பேன், மறப்பேன். அரை மணி கழித்துச் சாப்பிட்டேனா இல்லையா என்று யோசித்தால் அலாரம் பதில் சொல்லாது. ஏழு நாள் டப்பா சொல்லும்: குழி காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று. ஆனால் சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா, வாந்தியில் வந்துவிட்டதா என்பது டப்பாவுக்குத் தெரியாது. அதற்கு ஐயா காலத்துப் பேரேட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களை எடுத்துக்கொண்டேன். மணி, மாத்திரை, குடித்த தண்ணீர், உடம்புக்கு எப்படி என்று நான்கு பத்தி. வட்டிக்கணக்கு எழுதிய குடும்பத்துக்கு இது பெரிய வித்தையில்லை. மறுபரிசோதனையில் மருத்துவர் அதைப் புரட்டி, மூன்று நாளாகக் காலையில் எழுந்ததும் தலைசுற்றல் என்று இருந்த வரிகளில் நின்றார். எடை இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இறங்குகிறது, பழைய அளவு பிரஷர் மாத்திரை இப்போது அதிகம் என்று சொல்லிப் பாதியாக்கினார். அலாரமும் டப்பாவும் சேர்ந்தாலும் இதைப் பிடித்திருக்காது. இப்போது மூன்றும் வைத்திருக்கிறேன்; ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் பேரேடு.

நடைக்கு வருவோம். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியிலேயே எழுப்பி நடக்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாடகைக்கு டிரெட்மில் எடுக்கலாம் என்றார். முகப்பில் நுழைந்தால் பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும் வீடு இது, இதற்குள் ஓடும் பட்டை எதற்கு? நேராக நடந்தால்தான் ஆபத்து. கட்டுக்குக் கட்டு நிலைப்படி உயரம், சோர்ந்த காலுக்குத் தட்டும். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில் படி கிடையாது. ஒரு சுற்று 90 காலடி, பதினோரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆயிரம். மூச்சு வாங்கினால் தூணடியில் உட்காரலாம், கையெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில். மொத்தமாக அரை மணி நடப்பதைவிட மணிக்கு ஐந்து நிமிஷம் எனக்கு ஒத்துக்கொண்டது. “வீட்டுக்குள்ளயே பிரதட்சிணம் சுத்துறியேத்தா” என்று ஆத்தா சிரித்தார்.

ஒரே குறை, மழை. சாரல் அடித்து ஆத்தங்குடிக் கல் நனைந்தால் வழுக்கும். அன்றைக்குச் சாரல் படாத பட்டாலைக் கூடத்தோடு சரி. இன்னொன்று, வீட்டில் நடந்தால் கை சும்மா இருக்காது. நிறைகுடம் 10 கிலோவுக்கு மேல், முதல் ஒன்றரை மாதம் அதைத் தொடவே கூடாது.

ஊரணிக் கரை முதல் மாதம் தோற்றது. வெயில், நாய், பாதி வழியில் தலைசுற்றினால் உட்கார இடமில்லை, வழியெல்லாம் நலம் விசாரிப்பு. இரண்டு மாதம் போனதும் நிலவரம் மாறியது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை என்று இலக்கு வந்தபோது, அடிக்கடி திரும்ப வேண்டிய தாழ்வாரத்தில் வேகமே பிடிக்கவில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்ட தோழி குன்றக்குடிப் படியேறலாம் வா என்கிறாள். அடுத்த பரிசோதனையில் கேட்டுவிட்டுத்தான். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு முட்டினாலோ நடையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருப்பதால், பேரேட்டில் காலுக்கென்று ஐந்தாவது பத்தி போட்டிருக்கிறேன். இன்றைக்கு அதில் ஏறியது: ஊரணி, இரண்டு சுற்று, வீக்கமில்லை.