கதவு பூட்டப்படும் காப்பகம்

வீடற்றோருக்கான இரவுக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றியதன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கூடம் தூய்மையாக இருக்கிறது, விரிப்புகளைத் தவறாமல் துவைக்கிறார்கள், பணியாளர்கள் யாரையும் அதட்டுவதில்லை. குறையெல்லாம் விதிகளில்தான்.

இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டி, காலை ஆறு மணிக்கு அனைவரையும் வெளியேற்றுகிறார்கள். சுமை இறக்கும் வேலையை முடித்து நள்ளிரவில் வருபவருக்கு அங்கே இடமில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து தங்க வழியில்லை. பொருள்களை வைத்துப் பூட்ட ஒரு பெட்டகம்கூட இல்லாததால், முதியவர் ஒருவர் பையின் வாரை மணிக்கட்டில் இறுகச் சுற்றிக்கொண்டே உறங்குவார். பையில் இருப்பவை மருத்துவச் சீட்டுகளும் அடையாள அட்டையும். அட்டை தொலைந்தால் புதியது வாங்க முகவரி கேட்பார்கள், அவரிடம் இல்லாததே அதுதான்.

பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியவர் பதிவேட்டில் ஏறுவதில்லை என்பதால், படுக்கைகள் காலியாக இருப்பதாக அறிக்கை போகிறது; அதைப் படிப்பவர்கள், இவர்கள் தெருவையே விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய கணக்கெடுப்புகளிலும் இதே ஓட்டை உண்டு. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஒரே இரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் 7,71,480 பேர். வேறு வழியின்றி உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போர் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. உழைக்க மனமில்லாதவர்கள் என்ற பழிக்கும் ஆதாரமில்லை: அந்நாட்டுக் காப்பகங்களில் தங்கிய, வேலை செய்யும் வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்கள் அங்கே தங்கிய ஆண்டிலேயே முறையான வருமானம் ஈட்டியிருந்ததாக சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். தெரு வாழ்க்கை ஆயுளையே குறுக்கிவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் வீடற்ற நிலையில் இறந்த ஆண்களின் சராசரி வயது 45.4, பெண்களுக்கு 43.2.

பின்லாந்து 2008 முதல், குடியை நிறுத்தினால்தான் வீடு என்பது போன்ற முன்நிபந்தனைகளைக் கைவிட்டு, பழைய காப்பகங்கள் பலவற்றை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றி, வருபவரின் பெயரிலேயே ஒப்பந்தம் எழுதித் தருகிறது. வேண்டிய சிகிச்சையும் ஆதரவும் அதன் பிறகு வீடு தேடி வருகின்றன. நீண்டகால வீடற்றோர் அங்கே வெகுவாகக் குறைந்திருக்கிறார்கள். அந்த அளவுகோலில் இந்தக் காப்பகம் மிகவும் பின்தங்கியே நிற்கிறது.

ஆயினும் இன்றிரவு ஒதுங்க இடமில்லாத ஒருவர், தனியாளாகவும் ஒன்பதுக்குள் வரக்கூடியவராகவும் இருந்தால், தயங்காமல் இங்கே அனுப்புவேன். மற்றவர்களையும் அனுப்ப வேண்டுமானால், பூட்டுள்ள பெட்டகங்களையும் இரவு முழுவதும் கதவைத் திறந்துவிட ஒரு காவலரையும் நிர்வாகம் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.