ஓநாயைக் கட்டிய கயிறும் ஒலிக்காத எழுத்தும்

பேத்திக்கு ஆறரை வயது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் தெரியும். சேர்த்துப் படிக்கச் சொன்னால் மட்டும் படத்தைப் பார்த்துக் கதையை அவளே இட்டுக்கட்டிவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் நார்ஸ் புராணம் எனப்படும் வட ஐரோப்பாவின் பழைய தேவர் கதைகள் அடங்கிய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டு மெல்லிய கதைப் புத்தகங்கள், ரூன் என்ற அந்த மக்களின் பழைய எழுத்துகளுக்கு அட்டைகள், அங்கிருந்து வந்த வைக்கிங் என்ற கடலோடிகளின் வரலாறு என்று தனியாக ஒரு புத்தகம். எல்லாம் ஆங்கிலம். நான்கு மாதம் அவளோடு உட்கார்ந்து படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன், அதனால் குறை கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படும்.

கதைப் புத்தகங்களில் எழுத்து பெரியது, பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் இல்லை. ஆனால் பெயர்களை எளிமையாக்கவில்லை. உலகங்களைத் தாங்கி நிற்கும் மரத்தின் பெயரை யிக்டிரசில் என்று முழுசாகப் போட்டிருக்கிறார்கள். குழந்தை மிரண்டுவிடும் என்று நினைத்தேன். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள், வாயில் வந்துவிட்டது. அப்புறம் வேறு எந்தச் சொல்லும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மரத்தின் உச்சியில் ஒரு கழுகு, வேரில் ஒரு நாகம். இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக் கோள் மூட்டுவது ஓர் அணில். அணில் என்ன வைதது என்று அறிய அடுத்த பக்கத்தை அவளே படித்தாக வேண்டும். என்னிடம் கேட்டால் நான் சொல்வதில்லை.

பெட்டியிலேயே சிறந்தது ஃபென்ரிர் என்ற ஓநாயின் கதை. இரண்டு சங்கிலிகளை அறுத்துவிட்ட ஓநாயைக் கட்ட, குள்ளர்கள் கிளைப்னிர் என்ற பட்டுக் கயிற்றைத் திரிக்கிறார்கள். அதில் ஆறு பொருள்கள்: பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில். இந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க விடவில்லை, நாளுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டோம். ஆறாம் நாள் முழுப் பக்கத்தையும் விரல் வைக்காமல் படித்தாள். மற்றதெல்லாம் உலகத்தில் இல்லாதவை, கரடிக்கு மட்டும் தசைநார் உண்டே, அது எப்படி இந்தப் பட்டியலில் வந்தது என்றும் கேட்டாள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த பக்கத்தில்தான் எனக்குக் கோபம். கயிற்றில் சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்ட ஓநாய் பிணை கேட்கிறது. டீர் என்ற தேவன் தன் கையை அதன் வாயில் வைக்கிறான். கட்டு இறுகியதும் கை போய்விடுகிறது. இவர்கள் அதை 'விரலில் காயம்' என்று மழுப்பிவிட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். அழவில்லை. டியூஸ்டே அந்த டீருடைய நாள் என்றதும், கையையே கொடுத்தவருக்கு ஒரு நாளாவது கொடுக்க வேண்டாமா என்றாள்.

அங்கிருந்து கிழமைகளுக்குப் போனோம். தர்ஸ்டே இடி தேவன் தோருக்கு, ஃப்ரைடே ஃப்ரிக் என்ற தேவிக்கு. வென்ஸ்டேயின் நடுவில் ஒலிக்காமல் கிடக்கும் 'டி' அவளைப் பல நாள் படுத்தியது. தேவர்களின் தலைவரான ஓடினுக்குப் பழைய ஆங்கிலத்தில் வோடன் என்று பெயர், அந்த 'டி' அவருடையது என்றேன். இப்போது அந்தச் சொல்லைத் தப்பாக எழுதுவதே இல்லை.

ரூன் அட்டைகள் பரவாயில்லை. மரத்தில் செதுக்க ஏற்றபடி எல்லாம் நேர்க்கோடுகள். ஆனால் கொடுத்திருப்பது 24 எழுத்துள்ள பழைய வரிசை. வைக்கிங் காலத்தில் புழங்கியது 16 தான். அட்டையில் அந்த வேறுபாடு சொல்லப்படவில்லை.

வரலாற்றுப் புத்தகத்தை வாங்காதீர்கள் என்றால் பெட்டியை உடைக்க முடியாது. எடுத்துத் தனியே வையுங்கள். அட்டையிலேயே கொம்பு வைத்த தலைக்கவசம். நார்வேயில் யெர்முண்ட்பு என்ற இடத்தில் 1943-ல் கிடைத்த வைக்கிங் காலக் கவசத்தில் கொம்பே கிடையாது. கொம்பைப் பரப்பியது 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகள். போதாததற்கு, இந்தக் கதைகளை வைக்கிங்குகளே புத்தகமாக எழுதிவைத்தார்கள் என்று ஒரு வரி. ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லுசன் தொகுத்தது சுமார் 1220-ல். அந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி அப்போதே இருநூறு வருடம் ஆகியிருந்தது.

அதனால் நாங்களே ஒரு காகிதச் சுருளை விரித்தோம். நூறு வருடத்துக்கு அவள் கையால் ஒரு சாண். 793, இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மேல் வைக்கிங் தாக்குதல். 834, நார்வேயின் ஓசெபெர்க் கப்பல் இறந்தவர்களோடு மண்ணுக்குள் போனது. 1000 வாக்கில் ஐஸ்லாந்தின் மதமாற்றம். 1220, ஸ்னோரி. நாலு சாணுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நான் எங்கே என்று கேட்டாள். இன்னும் எட்டுச் சாண் வேண்டும். சுருள் தீர்ந்துவிட்டதால் தரையில் சுண்ணக்கட்டியால் தொடர்ந்தோம். கதவு வரை போனது.

பைண்டிங் சுமார், இரண்டு புத்தகங்களில் தாள் கழன்றுவிட்டது. கதைகளுக்காக வாங்கலாம், தாராளமாக. நேற்று சாட்டர்டே யாருடைய நாள் என்று கேட்டாள். அது ரோமானியர்களின் தேவன் சாட்டர்னுடையது என்றேன். பெட்டியைக் கவிழ்த்துத் தேடிவிட்டு, அந்தப் பெட்டி எப்போது வரும் என்கிறாள்.