கன்ஜி வழியா, காது வழியா? சீனர்கள் ஜப்பானிய இலக்கணம் பழக இரண்டு பாதைகள்

ஒசாகாவில் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழிக்கு ஓராண்டாக மாலை நேரங்களில் ஜப்பானிய இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். தொடங்கும்போதே இரண்டில் ஒரு வழியை எடுக்க வேண்டியிருந்தது. ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளான, அவளுக்குத் தெரிந்த கன்ஜியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பிலிருந்து இலக்கணத்துக்குப் போவது ஒன்று. கன்ஜியை ஓரம் வைத்துவிட்டு, விகுதிகளையும் உருபுகளையும் வாயாலும் காதாலும் பழகுவது இன்னொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன்.

முதல் வழியின் பலன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொதுப் பயன்பாட்டுக் கன்ஜி 2,136. சீனர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை பார்த்த முகங்கள். செய்தித்தாள், பெயர்ப்பலகை எல்லாம் சீக்கிரம் பிடிபடும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். சான்றிதழ்தான் அவசரம் என்றால் இந்த வழியே விரைவு.

என்னைத் திருப்பியது 'நொ' என்ற ஒரே ஒரு எழுத்து.

'என் பூ' என்பதற்குச் சீனத்தில் 'வோ த ஹுவா', ஜப்பானியத்தில் 'வதஷி நொ ஹனா'. முதல் பாடத்திலேயே 'த' இருக்கும் இடத்தில் 'நொ' கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சீனத்தில் 'சிவப்புப் பூ', 'நேற்று வாங்கிய பூ' எல்லாவற்றுக்கும் அதே 'த' வரும். ஜப்பானியத்தில் வராது. 'அகாய் ஹனா', 'கினோ கத்த ஹனா', அவ்வளவுதான். நம் பெயரெச்சம் மாதிரியே நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எனக்கு இது ஒரு பாடமாகவே தெரியவில்லை. தோழியோ ஒவ்வொரு முறையும் 'அகாய் நொ ஹனா' என்றாள். ஜப்பானியக் குழந்தைகளும் இரண்டு வயதையொட்டி இப்படிச் சொல்வதுண்டு, வளர வளர உதிர்ந்துவிடும். பெரியவர்களிடம் அப்படித் தானாக உதிர்வதில்லை.

கன்ஜி வழி இதைத் திருத்தாது. சிவப்புக்கு ஒரு கன்ஜி, பூவுக்கு ஒரு கன்ஜி. இரண்டும் அவளுக்குத் தெரிந்தவை. நடுவில் ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகானாவில் நிற்கும், 'அகாய்' என்பதன் கடைசி 'இ'யைக் கண் தாண்டிப் போய்விடும். இலக்கணம் முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது.

ஆகவே முழு ஹிராகானாவில் எழுதிக் கொடுத்து, உரக்கச் சொல்ல வைத்தேன். ஒரு சோதனையும் சொன்னேன்: சொல் தானே இறந்தகாலம் காட்டுமா? அகாய், அகாகத்த ஆகும். அப்படியானால் 'நொ' வேண்டாம். 'வதஷி'க்கு இறந்தகாலம் இல்லை, அதற்கு வேண்டும். ('ஷிசுக நா' (அமைதியான) போல 'நா' கேட்கும் சொற்களை அப்புறம் தனியாகப் பார்த்தோம்.) நான்காவது மாதம் ஒருநாள் கடையில் ஆப்பிளைக் காட்டி 'அகாய் நொ...' என்று தொடங்கியவள், நிறுத்தி, 'அகாய் ரிங்கோ' என்றாள். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தது ஒரே ஒருவரை, அதுவும் ஜப்பானிலேயே இருப்பவரை. 2021 கணக்குப்படி சீனாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பானியம் படித்தார்கள். வகுப்பறைக்கு வெளியே அந்தப் பேச்சு காதில் விழாதவர்களுக்கு என் வழி இவ்வளவு சுலபமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது அடுத்ததில் நிற்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்டால், 'மாதா தபேதே இமாசென்' என்று இன்னும் சாப்பிடாததைச் சொல்வதற்குப் பதில், 'தபேமாசென் தெஷித' (சாப்பிடவில்லை) என்று சாப்பாட்டு வேளையையே முடித்துவிடுகிறாள். அதையும் வாயால்தான் பழகிக்கொண்டிருக்கிறோம்.