மூன்று ஆண்டுகள், ஏழு நோட்டுகள்

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மனநல ஆலோசகர் ஒருவர், "மனத்தில் ஓடுவதை எழுதிப் பாருங்கள்" என்றார். அன்று வாங்கிய கோடு போட்ட நோட்டில் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கடந்து இப்போது ஏழாவது நோட்டு.

முதல் மாதம் வேதனைதான் கூடியது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி ஆகும். "கடைசியில் நான் பக்கத்தில் இல்லையே" என்பதையே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். புண்ணைத் தினமும் கீறிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் பிழை புரிந்தது. கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்தது. நானோ வேதனையை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலாரம் வைத்துக்கொண்டு, அம்மா போன அந்தச் செவ்வாய்க்கிழமையை நடந்தபடியே எழுதினேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டார். டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது சுளை உள்ளங்கையிலேயே இருந்தது. எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். ஆனால் நான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன் என்பதை என் கையெழுத்திலேயே பார்த்தேன். அன்று நான்கு மணி நேரம் தூங்கினேன்.

அதிலிருந்து 15 நிமிடம்தான். அலாரம் அடித்தால் பாதி வரியிலும் நிறுத்திவிடுவேன். படுக்கப் போகும் நேரத்தில் எழுதுவதில்லை; இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவேன். செல்போனில் இரண்டு மாதம் முயன்றேன், நடுவில் வரும் செய்திகள் கலைத்துவிட்டன. விட்டுப்போன நாட்களைச் சேர்த்து எழுத உட்காராதீர்கள், அது வீட்டுப்பாடமாகிவிடும். நோட்டைப் பூட்டி வையுங்கள். யாராவது படிப்பார்கள் என்ற எண்ணம் வந்தால் பேனா பொய் சொல்லத் தொடங்கும்.

எழுத்து கைகொடுக்காத காலமும் இருந்தது. சென்ற ஆண்டு மூன்று வாரம் "வாழப் பிடிக்கவில்லை" என்றே வந்துகொண்டிருந்தது. நோட்டை மூடிவிட்டு அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416ஐ அழைத்தேன். கட்டணமில்லை, தமிழிலேயே பேசினார்கள். பிறகு மருத்துவரைப் பார்த்தேன். தூக்கம் எப்போது கெட்டது என்று அவர் கேட்டதும் நோட்டைப் புரட்டித் தேதியைச் சொன்னேன். மாத்திரையும் எழுத்தும் இப்போது சேர்ந்தே நடக்கின்றன.