கோர்செயர் சிஎக்ஸ்550: இரண்டு கோடைகளைக் கடந்த எஸ்எம்பிஎஸ்

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் இந்த எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம்) இரண்டு ஆண்டுகளாக உழைத்து வருகிறது. இதற்கு முன் இருந்தது, கேபினட்டோடு சேர்த்துக் கடையில் கொடுத்தது. அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மே மாத மாலை ஒன்றில் இடியும் காற்றுமாகக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தபோது, கருகிய வாடையோடு அது நின்றுபோனது. மதர்போர்டும் அதோடு போயிற்று. கழற்றிக் கையில் எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 192 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன என்பதால், வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுவே.

என்னுடைய ரைசன் 5 5600 பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரையும், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 170 வாட் வரையும் எடுக்கும். விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைச் சுற்றியே நிற்கும். இந்தக் கார்டுக்கு, அதன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா பரிந்துரைப்பதும் இந்த எஸ்எம்பிஎஸ் தரும் 550 வாட்தான். ஆகவே 750 வாட்டுக்குப் பணம் கொடுக்க நான் ஒப்பவில்லை.

பெட்டியில் உள்ள 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) முத்திரையைப் பலர் தரச்சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது, எடுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்தையாவது கணினிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். வோல்டேஜ் நிலையாக நிற்குமா, ஷார்ட் ஆனால் தானே அணையுமா என்பதை அது சொல்லாது. என் நம்பிக்கைக்குக் காரணம், நிறுவனம் தரும் 5 ஆண்டு வாரண்டியும், நானே அளந்து பார்த்ததும்தான். கேம் ஓடிக்கொண்டிருக்கையில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு முனை மோலக்ஸ் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.1 வோல்ட் காட்டியது. கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி 11.4 முதல் 12.6 வரை அனுமதிக்கிறது.

குறை என்றால் ஒயர்கள்தான். எதையும் கழற்ற முடியாது. சிறிய கேபினட்டில், வேண்டாத ஒயர்களைச் சுருட்டி மதர்போர்டின் பின்பக்கம் திணிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மாட்டிய புதிதில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக ஷாக் அடித்தது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கவே இருந்தேன். அதன் உள்ளே இருக்கும் வடிகட்டிச் சுற்று, மிகச் சிறிய மின்னோட்டத்தை உலோக உடலுக்கு அனுப்பி, அதை எர்த் வழியே இறக்கும் வகையில் அமைக்கப்பட்டது என்றும், எங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்றும் எலக்ட்ரீஷியன் சொன்னார். எர்த் குழியைத் தோண்டி, புதிதாக உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அறுந்திருந்த கம்பியை மாற்றினார். அன்று மாலையே ஷாக் நின்றுவிட்டது.