சிஜிடியா, சிஎஃப்டிடியா?

பிரான்ஸில் தொழிற்சங்கத்தில் சேர நினைப்பவர் முன் முதலில் வந்து நிற்பவை இந்த இரண்டும்தான். சிஜிடி 1895-ல் லிமோஜ் நகரில் பிறந்தது. நெடுங்காலம் கம்யூனிஸ்ட் கட்சியோடு நெருக்கமாக இருந்தது. சிஎஃப்டிடியின் வேர் கிறிஸ்தவ தொழிற்சங்கம். 1964-ல் மத அடையாளத்தை விட்டுவிட்டுப் புதுப் பெயர் சூடியது.

சிஜிடி முதலில் வேலைநிறுத்தத்தில் இறங்கும், பிறகு பேசும். சிஎஃப்டிடி முதலில் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும். 1995-ல் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் மாற்ற பிரதமர் ஜுப்பே கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து ரயில்கள் வாரக்கணக்கில் நின்றபோது சிஜிடி தெருவில் இருந்தது. சிஎஃப்டிடி தலைவர் நிக்கோல் நோட்டாவோ அத்திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டுப் பகுதியை ஆதரித்தார். அவருடைய சங்கத்துக்குள்ளேயே பெரிய பிளவு வந்தது. அந்த ஓய்வூதிய மாற்றங்களை அரசு கைவிட்டதற்குக் காரணம் தெருதான் என்பேன்.

அதற்காக சிஎஃப்டிடியைப் பணிந்துபோகும் சங்கம் என்று சொல்வது அநியாயம். 1973-ல் பெஸான்சோனில் லிப் கடிகாரத் தொழிலாளர்கள் ஆலையைத் தாங்களே நடத்தியபோது முன்னணியில் இருந்த ஷார்ல் பியாஜே சிஎஃப்டிடிக்காரர். இன்று பணியிடங்களில் நடக்கும் தொழிலாளர் பிரதிநிதித் தேர்தல் வாக்குகளில் முதலிடமும் அதற்கே. 2018-ல் சிஜிடியை முந்தியது.

ஓய்வு வயதை 62-லிருந்து 64-ஆக்கும் சட்டத்துக்கு எதிராக 2023-ல் இரண்டும் ஒன்றாகவே ஊர்வலம் போயின. சட்டம் அப்படியும் நிறைவேறியது.

சரி, எதில் சேரலாம்? ரயில்வே, துறைமுகம், மின்சாரம் போல வேலை நின்றால் நாடே உணரும் துறை என்றால் சிஜிடி. சிறிய தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்தை வரிவரியாகப் பேசி வாங்க வேண்டியவருக்கு சிஎஃப்டிடிதான் கைகொடுக்கும்.